ஆளும் நாளும்: நடவு வயலிலும் தேர்வுத் தாளிலும் ஒரே கணக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிடப்பட்டதும் ஊர்தோறும் எழும் முதல் கேள்வி, "நடவுக்கு ஆள் கிடைக்குமா?" என்பதாகும். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி நடைபெறுகிறது. ஏறக்குறைய எல்லா வயல்களுக்கும் ஒரே சமயத்தில் உழவு, ஒரே சமயத்தில் நடவு. அதே நாட்களில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஜீப்புகளில் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கும் வேலையாட்கள் போகிறார்கள். எனவே எத்தனை ஆள், எத்தனை நாள் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும் விவசாயிக்குத்தான் நடவு பருவத்தில் முடிகிறது.

இதே கணக்கு இன்னொரு வடிவத்தில் அதே வீட்டுக்குள் வந்து நிற்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வுக்கு மகனோ மகளோ படித்துக்கொண்டிருப்பார். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் முதலிய பணிகளுக்கான அத்தேர்வின் 200 வினாக்களில் 25 வினாக்கள் திறனறிவும் கணக்கும் சார்ந்தவை. அப்பாடத்திட்டத்தில் 'காலம் மற்றும் வேலை' ஒரு பகுதி. "ஒரு வேலையை ஒருவர் 6 நாட்களில் முடிப்பார், மற்றொருவர் 12 நாட்களில் முடிப்பார், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்?" என்ற வகைக் கேள்வியைக் கண்டதும் பல பிள்ளைகள் அதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள்.

இதில் வியப்பு என்னவென்றால், நடவுக்குப் போகும் தாய்க்கு இக்கணக்கு கை வந்தது. வயலின் வரப்பில் நின்று பார்த்தே, "இதுக்கு பத்தாளு வேணும், சாயங்காலத்துக்குள்ள ஏறிறலாம்" என்று சொல்லிவிடுவார். மகள் தாளில் தடுமாறுவது அதே கணக்கில்தான். தாய் மனத்தில் செய்வதை மகள் தாளில் எழுதப் பழகினால் போதும்.

நாளைக் கூட்டாதீர்கள், வேகத்தைக் கூட்டுங்கள்

மேலே சொன்ன கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு நடவுக் குழு ஒரு நிலத்தை 6 நாட்களிலும், மற்றொரு குழு அதே நிலத்தை 12 நாட்களிலும் நட்டு முடிக்கும். இரண்டும் சேர்ந்தால் எத்தனை நாள்?

6-ஐயும் 12-ஐயும் கூட்டி 18 என்பார் சிலர். இரண்டுக்கும் நடுவே 9 என்பார் வேறு சிலர். இரண்டுமே தவறு என்பதை வரப்பில் நிற்பவர் உடனே சொல்லிவிடுவார். முதல் குழு தனியாகவே 6 நாட்களில் முடிக்கும்போது, உதவிக்கு இன்னொரு குழு வந்த பிறகு 9 நாள் ஆகுமா?

நாட்களைக் கூட்ட முடியாது. ஒரு நாளில் முடியும் வேலையைத்தான் கூட்ட முடியும். முதல் குழு ஒரு நாளில் முடிப்பது நிலத்தில் 1/6 பங்கு. இரண்டாம் குழு முடிப்பது 1/12 பங்கு. இரண்டும் சேர்ந்து 1/6 + 1/12 = 3/12, அதாவது 1/4 பங்கு. ஒரு நாளில் கால் பங்கு முடிந்தால், முழு நிலமும் 4 நாட்களில் முடியும்.

பின்னத்துக்குப் பயப்படுவோருக்கு இன்னொரு வழி உண்டு. 6, 12 ஆகிய இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 12. ஆகவே அந்த நிலத்தில் ஒரே அளவான 12 வயல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். முதல் குழு நாளொன்றுக்கு 2 வயல் நடும். இரண்டாம் குழு 1 வயல் நடும். சேர்ந்தால் 3 வயல். 12 வயலை 3-ஆல் வகுத்தால் 4 நாள். விடை ஒன்றே, பின்னம் எங்கும் வரவில்லை. புத்தகங்களில் இது மீ.சி.ம. என்றோ மீ.பொ.ம. என்றோ குறிக்கப்பட்டிருக்கும்.

விடை சரியா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உள்ளது. வேகமான குழுவின் நாளில் பாதி 3. மெதுவான குழுவின் நாளில் பாதி 6. இருவரும் சேர்ந்து செய்யும் நாள் எப்போதும் இந்த இரண்டுக்கும் நடுவேதான் வரும். நான்கு விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்வு செய்யச் சொல்லும் தேர்வில், இச்சோதனையால் மட்டுமே இரண்டு மூன்று தவறான விடைகளை அடித்துவிடலாம்.

ஆள்-நாள் என்னும் அளவுகோல்

ஒரு விவசாயிக்கு 4 ஏக்கர் நன்செய் இருப்பதாகவும், நாற்றுப் பறிப்பு நீங்கலாக நடவுக்கு மட்டும் ஏக்கருக்கு 15 ஆள் தேவைப்படுவதாகவும் வைத்துக்கொள்ளலாம். மொத்த வேலை 60 ஆள்-நாள். இந்த 60 என்பதுதான் வேலையின் அளவு. 12 பேர் வந்தால் 5 நாள். 20 பேர் வந்தால் 3 நாள். 8 பேர்தான் கிடைத்தார்கள் என்றால் ஏழரை நாள். ஆள் கூடினால் நாள் குறையும், ஆள் குறைந்தால் நாள் கூடும். இதைத் தேர்வுப் புத்தகங்கள் எதிர் மாறல் என்கின்றன.

குறுகிய கால நெல் ரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள் நட்டுவிட வேண்டும். அதற்குமேல் முதிர்ந்த நாற்றில் தூர் கட்டுவது குறையும், மகசூலும் குறையும். நம் விவசாயி 18-ஆம் நாள் 12 பேருடன் நடவைத் தொடங்குகிறார். 5 நாள் நடவு, 22-ஆம் நாளோடு சரியாக முடிந்துவிடும்.

ஆனால் இரண்டு நாள் நடவு முடிந்ததும், 4 பேர் ஏலத் தோட்டத்து வேலைக்குப் போய்விடுகிறார்கள். இப்போது என்ன ஆகும்? முடிந்த வேலை 12 × 2 = 24 ஆள்-நாள். மீதி 36. இருக்கும் 8 பேருக்கு 36 ÷ 8 = நாலரை நாள். மொத்தம் ஆறரை நாள். கடைசி வயலில் கால் வைக்கும்போது நாற்றின் வயது 24 நாளாகிவிடும்.

எவ்வளவு நிலம் பிந்தும் என்பதையும் பார்த்துவிடலாம். 22-ஆம் நாள் முடிய நடந்திருப்பது 24 + (8 × 3) = 48 ஆள்-நாள். மீதி 12. ஏக்கருக்கு 15 ஆள் என்பதால் 80 சென்ட் நிலம் முதிர்ந்த நாற்றோடு நிற்கும். இதைத் தவிர்க்க, மீதி 36 ஆள்-நாளை 3 நாட்களில் முடிக்க 12 பேர் வேண்டும். அதாவது ஆட்கள் போன அன்றே இன்னும் 4 பேரைத் தேடியாக வேண்டும். இரண்டு நாள் கழித்துத் தேடினால் 4 பேர் போதாது. மீதி 20 ஆள்-நாள் ஒரே நாளில் முடிய வேண்டும். கையில் இருப்பது 8 பேர். கூடுதலாக 12 பேர் தேவை. ஒத்திப்போடும் ஒவ்வொரு நாளும் தேவையை ஏற்றிக்கொண்டே போவதை இக்கணக்கு காட்டுகிறது.

'வேலையின் நடுவில் சிலர் விலகினால்' என்று தேர்வில் வரும் கேள்வியும் இதுவேதான். முடிந்ததைக் கழித்து, மீதியை இருப்பவரின் வேகத்தால் வகுத்தால் விடை கிடைத்துவிடும்.

மணியும் ஏக்கரும் சேரும்போது

நாளொன்றுக்கு எத்தனை மணி வேலை, எத்தனை ஏக்கர் என்பவையும் கேள்வியில் சேர்ந்து வரலாம். தமிழ்நாட்டு எட்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்ற பாடத்தில் இது கலப்பு மாறல் என்ற பெயரில் உள்ளது. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆள், நாள், மணி ஆகிய மூன்றையும் பெருக்கி ஏக்கரால் வகுத்தால் ஓர் ஏக்கருக்கான வேலை கிடைக்கும். அது மாறாது.

உதாரணமாக, 15 பேர் தினம் 8 மணி நேரம் வேலை செய்து 4 நாட்களில் 4 ஏக்கர் நடுகிறார்கள். 10 பேர் தினம் 6 மணி நேரம் செய்தால் 3 ஏக்கர் நட எத்தனை நாள்? 15 × 8 × 4 = 480. இதை 4 ஏக்கரால் வகுத்தால் ஏக்கருக்கு 120 ஆள்-மணி. 3 ஏக்கருக்கு 360. பத்துப் பேர் 6 மணி நேரத்தில் தருவது நாளொன்றுக்கு 60. ஆக, 6 நாள்.

கூலியைப் பங்கிடும் கணக்கு

பேசிய தொகைக்கு மொத்தமாக நட்டுத் தரும் முறையும் வழக்கில் உள்ளது. முதலில் சொன்ன இரண்டு குழுக்களும் சேர்ந்து 4 நாட்களில் நட்டு முடித்து, பேசிய தொகை ரூ.18,000 என்று வைத்துக்கொள்ளலாம். இரு குழுக்களும் 4 நாள் வந்ததால் ஆளுக்குப் பாதியாக ரூ.9,000 என்று பிரித்தால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். முதல் குழு நாளுக்கு 2 வயல் வீதம் 8 வயல் நட்டது. இரண்டாம் குழு 4 வயல் நட்டது. 8-க்கு 4, அதாவது 2-க்கு 1 என்ற விகிதத்தில் ரூ.12,000, ரூ.6,000 என்று பிரிப்பதே முறை. தேர்விலும் கூலி பற்றிய கேள்விக்கு இதுவே விதி. ஒரே நாட்கள் வேலை செய்தவர்களுக்குக் கூலி வேகத்தின் விகிதத்தில் பிரியும்.

தண்ணீரும் ஒரு வேலையாளே

குழாயும் தொட்டியும் பற்றிய கணக்கு வேறு கணக்கு என்று பிள்ளைகள் எண்ணுகிறார்கள். அதுவும் வேலைக் கணக்கே. தண்ணீர் நிரப்பும் குழாய் வேலையைச் செய்கிறது. வெளியேற்றும் குழாய் செய்த வேலையைக் கலைக்கிறது. ஆகவே ஒன்றைக் கூட்டி மற்றதைக் கழிக்க வேண்டும்.

வாழைத் தோட்டத்தின் தரைத்தொட்டியை மோட்டார் 4 மணி நேரத்தில் நிரப்பும். சொட்டு நீர்க் குழாய்களைத் திறந்துவிட்டால் நிறைந்த தொட்டி 6 மணி நேரத்தில் காலியாகும். இரண்டும் ஒரே சமயத்தில் ஓடினால்? 4, 6-இன் மீ.சி.ம. 12. மோட்டார் மணிக்கு 3 பங்கு சேர்க்கும். சொட்டு நீர் 2 பங்கு எடுக்கும். நிகரம் 1 பங்கு. காலித் தொட்டி நிரம்ப 12 மணி நேரம் ஆகும்.

இது புதிய கணக்கு அன்று. 1150-ஆம் ஆண்டை ஒட்டி இரண்டாம் பாஸ்கரர் எழுதிய லீலாவதி என்ற நூலில் இத்தகைய கணக்கு உள்ளது. நான்கு நீரூற்றுகள் ஒரு குளத்தைத் தனித்தனியே 1 நாள், அரை நாள், 1/3 நாள், 1/6 நாள் ஆகிய நேரங்களில் நிரப்பும். ஒரு நாளில் அவை முறையே 1, 2, 3, 6 முறை நிரப்பக்கூடியவை. கூட்டினால் 12 முறை. ஆகவே நான்கும் சேர்ந்தால் 1/12 நாளில், அதாவது 2 மணி நேரத்தில் குளம் நிறையும்.

வாய்க்கால் நீரை அளக்கவும் எளிய கணக்கு ஒன்று உண்டு. விநாடிக்கு 1 கன அடி நீர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் 3,600 கன அடி. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரம் தண்ணீர் நிற்க 3,630 கன அடி வேண்டும். ஆகவே 1 கன அடி நீர், 1 மணி நேரம், 1 ஏக்கர், 1 அங்குலம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். வயலில் 2 அங்குலம், அதாவது 5 செ.மீ. தண்ணீர் கட்ட 2 மணி நேரம் ஆகும்.

கிணற்று மோட்டாருக்கு 200 லிட்டர் டிரம் ஒன்று போதும். அது 20 விநாடியில் நிறைந்தால் மோட்டாரின் வேகம் விநாடிக்கு 10 லிட்டர். ஓர் ஏக்கரில் 5 செ.மீ. நீர் என்பது சுமார் 2 லட்சம் லிட்டர். அதைப் பாய்ச்ச ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் பிடிக்கும். வாய்க்காலில் கசிவு இருந்தால் இன்னும் கூடும்.

பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரு கணக்கு

முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போகத்துக்கு விநாடிக்கு 200 கன அடி நீர் திறக்கப்பட்டு வந்துள்ளது. இந்த அளவு ஒரு நாள் முழுவதும் பாய்ந்தால் 172.8 லட்சம் கன அடி. இதை 14,707 ஏக்கரில் சமமாகப் பரப்பினால் ஏறத்தாழ 8 மி.மீ. உயரம் நிற்கும். வளர்ந்து நிற்கும் நெற்பயிருக்கு இது ஏறக்குறைய ஒரு நாள் தேவைக்குச் சரியாக இருக்கும்.

ஆனால் சேற்றுழவு செய்து நிலத்தைத் தயார்படுத்த ஏறத்தாழ 200 மி.மீ. தண்ணீர் வேண்டும். நாளுக்கு 8 மி.மீ. வீதம் கிடைத்தால், எல்லா நிலமும் நடவுக்குத் தயாராக 24, 25 நாட்கள் ஆகிவிடும். மழையும், கண்மாய், கிணற்று நீரும், மேல் வயலிலிருந்து வடியும் நீரும் இதைக் குறைக்கும். வாய்க்கால் கசிவு இதைக் கூட்டும். எப்படியாயினும் தலைமடையிலும் கடைமடையிலும் ஒரே நாளில் நடவு நடக்காது என்பது இக்கணக்கிலிருந்து தெரிகிறது.

ஆகவே, அக்கம்பக்கத்தில் நாற்று விட்டுவிட்டார்கள் என்பதற்காக அன்றே நாற்றுவிடுவது சரியன்று. தம் வயலுக்குத் தண்ணீர் வந்து உழவு முடியும் நாள் எது, நடவு எத்தனை நாள் நடக்கும் என்று கணக்கிட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி நாற்றங்காலில் விதைக்க வேண்டும். நடவு நான்கைந்து நாட்களுக்குமேல் நீளும் என்று தெரிந்தால், நாற்றங்காலை இரண்டாகப் பிரித்து, சில நாள் இடைவெளி விட்டு விதைப்பது நல்லது.

சூத்திரம் எங்கே பொய்க்கும்?

தேர்வுக் கேள்வியில் எல்லா ஆட்களும் ஒரே வேகத்தில், காலை முதல் மாலை வரை களைக்காமல் வேலை செய்வார்கள். வயலில் அப்படி இல்லை. மூன்று இடங்களில் கவனம் தேவை.

முதலாவது, ஒரு வேலை மற்றொரு வேலைக்காகக் காத்திருக்கும் இடம். நாற்றுப் பறித்துக் கொடுப்பவர்கள் 10 பேருக்குப் போதுமான நாற்றைத்தான் தருகிறார்கள் என்றால், 20 பேரை வயலில் இறக்கினாலும் 10 பேர் வேலைதான் நடக்கும். மீதிக் கூலி வீண். எந்த வேலை மெதுவாக நடக்கிறதோ அதுவே மொத்த வேலையின் வேகம்.

இரண்டாவது, ஆள் கூடினாலும் நாள் குறையாத வேலை. 4 பேர் விதைத்தாலும் 40 பேர் விதைத்தாலும் நாற்று தயாராக 18 நாள் ஆகத்தான் செய்யும்.

மூன்றாவது, ஏக்கர் ஒன்றாக இருந்தாலும் வேலை ஒன்றாக இராது. 20-க்கு 10 செ.மீ. இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்கு 50 குத்து. ஏக்கருக்கு சுமார் 2 லட்சம் குத்து. திருந்திய நெல் சாகுபடியில் 25-க்கு 25 செ.மீ. என்பதால் சதுர மீட்டருக்கு 16 குத்து. ஏக்கருக்கு சுமார் 65 ஆயிரம். குத்து மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும், 14 நாள் இளநாற்றை ஒற்றையாக, அளவு பிடித்து நடுவதற்கு ஒவ்வொரு குத்துக்கும் கூடுதல் நேரம் ஆகும். ஆகவே பழைய ஆள் கணக்கை அப்படியே புதிய முறைக்குப் பயன்படுத்தக் கூடாது. முதலில் 10 சென்ட் நட்டுப் பார்த்து, அந்த வேகத்தைக் கொண்டு கணக்கிட வேண்டும்.

தேர்வில் கேள்வித்தாள் சொல்வதை மட்டும் நம்ப வேண்டும். வயலில் கண்ணால் கண்டு அளந்ததை மட்டும் நம்ப வேண்டும்.

தேர்வு எழுதுவோருக்கு

குரூப் 4 தேர்வில் 200 வினாக்களுக்கு 3 மணி நேரம். ஒரு வினாவுக்கு 54 விநாடி. இதுவே ஒரு வேலைக் கணக்குதான். தெரிந்த வினாக்களை அரை நிமிடத்தில் முடித்தால், மிஞ்சும் நேரம் கணக்குக்கு உதவும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால் எந்த வினாவையும் விடையளிக்காமல் விட வேண்டியதில்லை.

ஒவ்வொரு கேள்விக்கும் செய்ய வேண்டியவை நான்கு:

1. நாட்களின் மீ.சி.ம.-வை மொத்த வேலையாகக் கொள்ள வேண்டும்.

2. ஒவ்வொருவரின் ஒரு நாள் வேலையைக் காண வேண்டும்.

3. சேர்ந்து செய்பவர்களைக் கூட்டி, கலைப்பவரைக் கழிக்க வேண்டும்.

4. மீதி வேலையை அந்த வேகத்தால் வகுக்க வேண்டும்.

பழகிப் பார்க்க மூன்று கணக்குகள்:

(அ) ஒருவர் 15 நாட்களிலும் மற்றவர் 10 நாட்களிலும் முடிக்கும் வேலையை இருவரும் சேர்ந்து எத்தனை நாட்களில் முடிப்பர்?

(ஆ) இருவர் சேர்ந்து 8 நாட்களில் களை எடுக்கிறார்கள். முதலாமவர் தனியாக 12 நாட்களில் எடுப்பார். இரண்டாமவருக்குத் தனியாக எத்தனை நாள்?

(இ) ஒரு வேலையை முதலாமவர் 20 நாட்களிலும் இரண்டாமவர் 30 நாட்களிலும் முடிப்பர். சேர்ந்து தொடங்கி, 4 நாட்களுக்குப் பின் முதலாமவர் விலகிவிட்டார். மீதியை இரண்டாமவர் முடிக்க இன்னும் எத்தனை நாள்?

விடைகள்: (அ) மொத்தம் 30 பங்கு; நாளுக்கு 2 + 3 = 5; விடை 6 நாள். (ஆ) மொத்தம் 24 பங்கு; நாளுக்கு 3 − 2 = 1; விடை 24 நாள். (இ) மொத்தம் 60 பங்கு. 4 நாளில் 20 முடியும். மீதி 40-ஐ 2-ஆல் வகுக்க 20 நாள்.

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம்

ஒவ்வொரு விவசாயியும் நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகிய ஒவ்வொன்றுக்கும் எந்த வயலில் எத்தனை சென்ட், எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்பதை ஒரு நோட்டில் குறித்துவைத்தல் வேண்டும். இரண்டு போகம் குறித்தால் தம் நிலத்தின் உண்மையான வேகம் தெரிந்துவிடும். அடுத்த போகத்தில் ஆள் சொல்லும்போது ஊகத்துக்கு இடமிருக்காது. கூலி பேசும்போதும் இரு தரப்புக்கும் வாக்குவாதம் வராது.

அந்த நோட்டை எழுதும் பொறுப்பைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையிடம் ஒப்படைப்பது நல்லது. ஆள்-நாளை ஒரு போகம் முழுவதும் வரப்பில் நின்று எண்ணிய பிள்ளைக்குத் தேர்வுக் கூடத்தில் அக்கேள்வி புதிதாக இராது. தாய் வரப்பில் நின்று சொல்லும் விடையைத்தான் அவர் தாளில் குறித்துவிட்டு வரப்போகிறார்.